நிகர எடை

லாரியைத் துகள் எனக் கொள்க.
கொண்டேன்.
பதினாறு டன்னும், ஆறு சக்கரமும்,
பின்கதவில் எழுதிய இரண்டு பெண்பிள்ளைகளின் பெயரும்
பென்சில் முனை தொட்ட புள்ளிக்குள் அடங்கின.
மூன்று அரியரில் மிச்சம் இது ஒன்றுதான்:
விசையியல், வரும் புதன், காலை பத்து மணி.

இழை இலேசானது, நீளாதது.
கப்பி வழவழப்பானது.
காற்றுத் தடை புறக்கணிக்கத் தக்கது.

இதை எழுதியவர்
ஆடி மாசத்தில் குடிமங்கலம் நாலுரோட்டில்
பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை.
கணவாய் வழியே புகுந்த காற்று
எடைமேடைக் கூரைத் தகரத்தை
இரவெல்லாம் பிடுங்கிப் பார்க்கிறது.
வெளியே இருட்டில் காற்றாலைகள்,
புறக்கணிக்கத் தக்கதைத் தின்று
ஊருக்கெல்லாம் விளக்கெரிக்கின்றன.
நான் புத்தகத்தின் மேல்
ஐந்து கிலோ படிக்கல்லை வைத்துப் படிக்கிறேன்.

ஒன்பதரைக்குச் சென்னியப்பன் அண்ணன் வண்டி.
தீவன மில்லுக்கு மக்காச்சோளம்.
தார்ப்பாய் அடித்துக்கொள்ள
எண் ஓரிடத்தில் நிற்கவில்லை:
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது, அறுபது, மறுபடி நாற்பது.
"காத்து அடங்கட்டுமுங்க" என்றார்.
அடங்கவில்லை, ஒரு நொடி மூச்சு வாங்கியது.
அந்த நொடியை அச்சடித்தேன், நாற்பது என்று.

சீட்டில் இரண்டே கட்டம்:
ஓட்டுநருடன். ஓட்டுநர் இல்லாமல்.
கேபின் ஜன்னலில் இரண்டு வெறும் பாதங்கள்
வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.
அவற்றுக்குக் கட்டம் கிடையாது.

போன மாதம் சீட்டு வாங்க வந்தவன்
என் புத்தகத்துப் படத்தை எட்டிப் பார்த்துக் கேட்டான்,
சாய்தளம், அதன்மேல் ஒரு பெட்டி:
"ஏனுங்க்கா, இந்தப் பெட்டி மேல
எத்தன பேரு அம்பு உடறாங்க?"
மூன்று பேர் என்றேன்.
"பாவம்" என்றான்.

பன்னிரண்டுக்கு வண்டி காலியாகத் திரும்பியது.
ஆறாயிரத்துத் தொண்ணூறு.
பதிவேட்டைப் புரட்டினேன்.
இதே வண்டி, ஐந்து நடை,
ஐந்திலும் ஆறாயிரத்து நூற்று நாற்பது.
டீசலா? மில் இரண்டு கிலோமீட்டர்தான்.
டயரில் ஒட்டிய சேறா? மழையே இல்லை.

"பையன் எங்கீங்கண்ணா?"

"மூட்ட எறக்கறப்ப ரெண்டு வார்த்தை சொல்லீட்டனுங்க.
ரோசக்காரன். எறங்கிப் போயிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"இருட்டுல ஆருங்க பாத்தா?"

"பேரு?"

"தம்பின்னுதாங் கூப்புடறது."

மொத்தத்தில் காலி போக நிகர எடை
பத்தாயிரத்து நூற்று ஐம்பது.
அதில் ஐம்பது கிலோவை எந்தக் கோழியும் கொத்தாது.
கிலோ இருபத்துமூன்று வீதம்
ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.
சரியாக ஐம்பதா என்றும் சொல்ல முடியாது.
பத்துக்குக் கீழே எங்கள் மிஷினுக்குக் கண் தெரியாது;
நாற்பத்திரண்டாக இருந்திருப்பான்,
ஐம்பத்தெட்டாகவும் இருந்திருப்பான்.
ஓட்டுநருடன் என்பதில் டிக் போட்டு
சீட்டை நீட்டினேன்.
அவரும் பார்க்காமல் மடித்தார்.

கிளம்பும்போது சீட்டுக்கடியில் துழாவி
ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் போட்டார்.
"வந்தான்னா குடுத்துருங்க."
வலதில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

புத்தக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
அதிலிருந்து நாலு கோடு:
உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி, தாராபுரம்.
எதற்கு அம்புமுனை போடுவது?
திசை தெரிந்த விசை ஒன்றுதான்,
மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.
பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்திருந்தால்
முகத்தில் வாங்கிக்கொண்டு போவான்.
உராய்வுக் கெழு,
வெறுங்காலுக்கும் தாருக்கும் இடையே,
எந்த அட்டவணையிலும் இல்லை.

செருப்பைக் கொண்டுபோய்
மேடையின் நடுவில் வைத்தேன்.
வெளியே தொங்கும் சிவப்பு எண்
பூஜ்யம் என்றது.
காற்று ஒரு தட்டுத் தட்டியது: பத்து.
மறுபடி பூஜ்யம்.

உள்ளே வந்து
ஏழாம் கணக்கைத் திரும்பத் தொடங்கினேன்.
படிக்கல்லை நகர்த்தியதில்
பக்கம் மாறியிருந்தது.